கூரைக்கு எத்தனை சொந்தக்காரர்?

 

உங்கள் வீட்டு மேல்தட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறீர்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கழுவிய துணியை விரிக்க ஒரு தடவை. வானம் இருட்டினால் அதை அள்ளிக்கொண்டு ஓடிவர இன்னொரு தடவை. மிளகாய் காயப்போட, காகம் விரட்ட, விளையாடப் போன பிள்ளையைத் தேட என்று இன்னும் எத்தனையோ தடவை! இனி உங்கள் வீட்டு ஆண்கள் எத்தனை தடவை ஏறுகிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தால் ஒரு தடவை. அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான்தான், எங்கள் வீட்டு மேல்தட்டை ஒரு தொலைத்தொடர்புக் கம்பெனிக்கு வாடகைக்குக் கொடுப்பதென்று யாரையும் கேட்காமல் முடிவெடுத்தேன். மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒரு மௌலவி, தன் வீட்டுக்குள்ளேயே பாடம் படித்த கதை இது. உங்களில் யாருடைய வீட்டுக் கதவையாவது நாளை இப்படி ஒரு கம்பெனி தட்டலாம். அப்போது உதவும் என்ற எண்ணத்தில், வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் பக்கத்தில் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பத்து வயது. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் குடும்பம் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் ஒதுங்கியது. அங்கேதான் வளர்ந்தேன், அங்கேதான் அரபுக் கல்லூரியில் ஓதினேன், அங்கேதான் வாப்பாவும் மௌத்தானார். யுத்தம் முடிந்தபின் உம்மாவோடு ஊர் திரும்பிப் பார்த்தால், வீட்டுக்குக் கூரை இல்லை. கதவும் நிலையும்கூட இல்லை. அறைக்குள் மரம் முளைத்து நின்றது.

கிடைத்த உதவியையும் கையிலிருந்ததையும் போட்டுச் சுவரை எழுப்பினோம். மேல்தட்டுக்குக் கொங்கிரீட் போடப் பணம் போதவில்லை. புத்தளத்தில் வாழ்க்கைப்பட்ட என் ராத்தா, தன் கையிலிருந்த இரண்டு வளையல்களை விற்று அனுப்பினாள். இந்த வளையல்களைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். அடுத்து நான் சொல்லப்போவதற்கு அது தேவை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடமெல்லாம் ஒன்லைனில் என்றார்கள். எங்கள் ஒழுங்கையில் சிக்னல் மிக மோசம். அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த என் மகள், கையில் போனும் தலைக்கு மேல் குடையுமாக மேல்தட்டில் நின்று கணிதம் படித்தாள். பக்கத்து வீட்டு மாமியின் பேத்தியும் அதே வகுப்பு. அவளும் மதிலைச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்து அதே தட்டில் நிற்பாள். உச்சி வெயிலில் இரண்டு பிள்ளைகளும் தட்டின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சிக்னல் தேடி நடப்பதைப் பார்க்க நெஞ்சு வலிக்கும்.

யாழ்ப்பாணத்தில் ஏன் இந்த நிலை என்று கேட்கலாம். நம் குடாநாட்டில் மலை கிடையாது. கண்டியில் ஒரு குன்றின் மேல் கோபுரம் வைத்தால் கீழே பல ஊர்களை எட்டலாம். இங்கே நிலம் தட்டையானது. வீடுகளுக்கும் பனைகளுக்கும் மேலே அலையைக் கொண்டுபோக வேண்டுமானால், ஆங்காங்கே உயரத்தை மனிதன்தான் கட்டியெழுப்ப வேண்டும். பழைய தொலைபேசிக் கம்பிகளோ யுத்தத்தில் போய்விட்டன. ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் வீடு வீடாகப் புதிய கேபிள் இழுப்பது செலவான வேலை. அதனால், ஒரு வீட்டு மேல்தட்டில் நிலையம் அமைத்து, அங்கிருந்து சுற்று வீடுகளின் ரவுட்டர்களுக்கு அலை வழியாக இணையத்தைக் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு நிலையத்துக்குத்தான் அந்த வருடக் கடைசியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்கள்.

பத்து வருட ஒப்பந்தம். மாதாமாதம் வாடகை. மத்ரஸாச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சிக்னலும் வரும், வீட்டுக்கு வருமானமும் வரும்! இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரேயொரு சிக்கல் இருந்தது. காணி உறுதி இன்னும் மர்ஹூம் வாப்பாவின் பெயரில்தான் இருந்தது. இடையில் நின்று பேசிய ஒருவர், “அது ஒரு பிரச்சினையே இல்லை மௌலவி. வாப்பாவின் ஒரே வாரிசு நீங்கள்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துத் தந்தால் போதும். இரண்டு நாளில் வேலை ஆரம்பிக்கலாம்” என்றார்.

சகோதரிகளே, நான் அவரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. “ராத்தாவும் தங்கச்சியும் புத்தளத்தில் வசதியாகத்தானே இருக்கிறார்கள், உம்மாவைப் பார்ப்பது நான்தானே, பிறகு சொல்லிக்கொள்ளலாம்” என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கடதாசியை வாங்கி மேசை லாச்சியில் வைத்தேன். நாளை கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னேன்.

மறுநாள் காலை கம்பெனியின் பொறியியலாளர் தம்பி வரைபடத்தோடு வந்தார். தட்டின் மூன்று பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலும் மூன்று அன்டனாக்கள் வரும் என்று விளக்கினார். ஆள் உயரத்துக்கும் குறைந்த நீளப் பலகை போன்றவை அவை. ஒவ்வொன்றும் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்து நிற்கும். மூன்றும் சேர்ந்தால் சுற்றிவர எல்லாத் திசைக்கும் அலை போகும். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இந்தப் படத்தில என்ட துணிக்கொடி எங்க?”

பொறியியலாளர் திகைத்துவிட்டார். வரைபடத்தில் துணிக்கொடி இல்லை. மேலே ஏறிப் பார்த்தோம். கொடி சரியாக ஓர் அன்டனாவுக்கு முன்னால், ஆறேழு அடி தூரத்தில் கட்டியிருந்தது. மிளகாய்ப் பாயும் அங்கேதான். பிள்ளைகள் போனோடு நிற்கும் மூலையும் அதற்குப் பக்கத்தில்தான். பொறியியலாளர் நல்ல பிள்ளை. மழுப்பாமல், “உம்மா, நீங்கள் கேட்டது நல்லது. இந்த இடத்தில் இப்படி வைக்கக் கூடாது” என்று நேராகவே சொன்னார்.

பிறகு அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த அன்டனா, அலையை டோர்ச் லைட் மாதிரி முன்பக்கமாக ஒரு மெல்லிய தகடாக வீசுகிறது. வெளிச்சவீட்டின் வெளிச்சம் கடலுக்குப் போகிறதே தவிர அதன் அடியில் விழுவதில்லை அல்லவா? அதுபோல, அன்டனாவுக்கு நேர் கீழேயுள்ள வீட்டுக்குள் அலை குறைவு. ஆபத்து எங்கே என்றால், இயங்கிக்கொண்டிருக்கும் அன்டனாவின் முகத்துக்கு நேரே, சில அடி தூரத்தில் நிற்பதுதான். தூரம் போகப் போகப் பலம் வெகுவாகக் குறையும். இரண்டு மடங்கு தூரம் போனால் நான்கில் ஒரு பங்கு. மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு.

இதற்கு உலக அளவில் ஒரு வரம்பும் உண்டு. அயனாக்காத கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 1998இல் வகுத்து 2020இல் திருத்திய வழிகாட்டலின்படி, இந்த வகை அலைகள் பொதுமக்கள் மீது ஒரு சதுர மீற்றருக்கு 10 வாட்ஸுக்கு மேல் படக்கூடாது. இந்தியாவில் 2012 செப்டம்பரில் அதையும் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள்.

முடிவில், அன்டனாக்களைக் கைப்பிடிச் சுவரில் வைக்காமல், தட்டின் நடுவில் உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் வைப்பதென்று வரைபடம் மாறியது. அப்போது அலை, தட்டில் நிற்பவரின் தலைக்கு மிக மேலாகப் போய்விடும். யோசித்துப் பாருங்கள்! படித்த பொறியியலாளருக்கும் தெரியவில்லை, ஓதிய எனக்கும் தெரியவில்லை. அந்தத் தட்டில் தினமும் வேலை செய்கிற ஒரு வயோதிபப் பெண்ணுக்குத்தான் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது.

உம்மா அதோடு நிற்கவில்லை. பொறியியலாளர் போனதும், “இந்தக் கம்பத்தைப் பற்றி ராத்தாவிட்ட கேட்டியா மகன்?” என்றார்.

நான் பேசவில்லை. உம்மாவும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மத்ரஸாவில் மூத்த வகுப்புக்கு பராயிள் பாடம். மௌத்தான ஒருவரின் சொத்தை வாரிசுகளுக்குப் பங்கிடும் கணக்கு. கரும்பலகையில் உதாரணம் எழுதப் போனவன் என்னையறியாமல் எங்கள் வீட்டுக் கணக்கையே எழுதிவிட்டேன். பெற்றோர் முன்பே மௌத்தான ஒருவர், மனைவியையும் ஒரு மகனையும் இரண்டு மகள்களையும் விட்டுப் போகிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு. சொத்தை 32 ஆகப் பிரித்தால் மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஏழு ஏழு. எழுதி முடித்துவிட்டுப் பலகையைப் பார்த்தேன். 32இல் எனக்கு 14. மீதி 18 பங்கு மூன்று பெண்களுடையது! என் வீட்டு மேசை லாச்சியிலோ, 32உம் எனக்கே என்று சத்தியம் செய்யும் ஒரு கடதாசி கிடக்கிறது. சோக்கட்டியை வைத்துவிட்டு மாணவர்களைப் பார்க்கவே கூசியது.

இது மார்க்கச் சட்டம் மட்டுமல்ல, நாட்டுச் சட்டமும்தான். 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமில்லா வழியுரிமைச் சட்டம், மரண சாசனம் இல்லாமல் மௌத்தாகும் முஸ்லிமின் சொத்து அவர் பின்பற்றிய மத்ஹபின்படியே வாரிசுகளுக்குச் சேரும் என்கிறது. சொத்து என்றால் காணியும் சுவரும் மட்டுமா? அந்தத் தட்டில் நிற்கும் கம்பத்துக்கு வரும் வாடகையும் அதில் அடங்கும்.

இரவு ராத்தாவுக்கு போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சத்தியக் கடதாசியையும் மறைக்கவில்லை. மறுபக்கம் வெகுநேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு சொன்னாள்:

“தம்பி, கம்பம் வைக்கிறதுக்கு நான் மறுக்கமாட்டன். என்ட பங்குக் காசு வராட்டியும் சண்டை பிடிக்கமாட்டன். ஆனா நீ கேட்காம வச்சிருந்தா, பிறகு அந்த வீட்டுக்கு நான் விருந்தாளியாத்தான் வந்திருப்பன்.”

வளையல்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். அன்றிரவே அந்தக் கடதாசியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தங்கச்சிக்கும் சொன்னேன். உறுதியை முறைப்படி எல்லா வாரிசுகளின் பெயருக்கும் மாற்றி, நால்வரும் கையெழுத்திட்ட பிறகுதான் ஒப்பந்தம் என்று கம்பெனிக்கு அறிவித்தேன். இரண்டு நாளில் முடியும் என்றது இரண்டு மாதத்துக்கும் மேலானது. ஆனாலும் அந்த இரண்டு மாதமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

வீட்டுக்குள் சரியாகிவிட்டது. வெளியே? கம்பம் வரும் செய்தி பரவியதும் பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு அப்பால் நின்று கூப்பிட்டார். கணவரை இழந்து, பேத்தியோடு தனியாக வாழ்பவர்.

“மௌலவி, வாடகை உங்களுக்கு. பயம் மட்டும் எங்களுக்கா?”

அவருடைய பயம் காரணமில்லாததல்ல. 2019இல் யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நடப்பட்டபோது, இவை 5ஜி அலைக் கோபுரங்கள், உடம்புக்குக் கேடு என்று சொல்லி மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அவை 5ஜி அல்ல என்று சபை மறுத்தது. ஆனாலும் ஊருக்குள் பேச்சு அடங்கவில்லை. அடுத்த வருடம், கொரோனாவைப் பரப்புவதே 5ஜிதான் என்ற வதந்தியை நம்பி இங்கிலாந்தில் பல கம்பங்களுக்குத் தீ வைத்தார்கள். அந்தப் படங்கள் மாமியின் போனுக்கும் வந்திருந்தன.

“படிக்காத பேச்சு” என்று நான் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டைப் பற்றி எங்களைக் கேட்காமல் யாரோ முடிவெடுத்ததால் இருபது வருடம் ஊரைப் பிரிந்து இருந்தவர்கள் நாங்கள். அந்த வலியை அறிந்தவன், அண்டை வீட்டாரைக் கேட்காமல் அவர்கள் தலைக்கு மேல் ஒன்றை நட்டுவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது? அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி மிம்பரில் பேசுவது இலேசு. மதிலோரத்தில் நின்று அதைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

மாமியின் விறாந்தையிலேயே ஒரு பின்னேரம் ஒழுங்கைப் பெண்களைக் கூட்டி, பொறியியலாளர் தம்பியையும் வரச் சொன்னோம். எல்லாரும் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி இருந்தார்கள். கேள்விகள் வந்தன பாருங்கள்!

“இது மைக்ரோவேவ் அடுப்பில இருக்கிற அலையா?” என்று ஒரு சகோதரி கேட்டார். அவர் மறைக்கவில்லை. “ஒரே குடும்பம்தான். அடுப்பு 2.45 கிகாஹேர்ட்ஸ், எங்கள் அலை 2.3 கிகாஹேர்ட்ஸ் அளவில் வரும். ஆனால் அடுப்பு, பல நூறு வாட்ஸ் சக்தியை மூடிய சிறு பெட்டிக்குள் அடைத்துக் கறியைச் சூடாக்குகிறது. இங்கே அலை திறந்த வெளியில் விரிந்து போவதால் உங்கள் வீட்டுக்கு வரும்போது மிகமிக மெலிந்துவிடும்” என்றார். எக்ஸ்ரே போல உடலின் அணுக்களை அயனாக்கும் பலம் இந்த அலைக்கு இல்லை, இதன் அறியப்பட்ட பாதிப்பு சூடாக்குவதுதான் என்றும் விளக்கினார்.

“புற்றுநோய் வருமா?” என்று கர்ப்பிணிப் பெண்ணொருவர் மெதுவாகக் கேட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011இல் இந்த அலைகளை ‘2பி’ என்ற பிரிவில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் இருக்கலாம், ஆனால் நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் பொருள். ஆசிய நாடுகள் சிலவற்றில் ஊறவைத்து உண்ணும் காய்கறியும் இதே பிரிவில்தான் இருக்கிறது. “ஒன்றுமே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வரம்புக்கு மிகக் கீழே இருக்கும் என்று அளந்து காட்டுவேன்” என்றார் பொறியியலாளர். அந்த நேர்மை பலருடைய மனதை இளக்கிற்று.

மாமியின் கேள்விதான் யாரும் எதிர்பாராதது. “கம்பத்தில ஏறுற ஆம்பிளையள் எங்கட வளவுக்குள்ள பார்ப்பாங்களே! நாங்க கிணற்றடியில நிக்கிறதா வேணாமா?”

உண்மைதானே? அலையைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். அந்தரங்கத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஆகவே ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் ஏறின. வேலையாட்கள் ஏறுவதற்கு முன் போன் எடுக்க வேண்டும். நாங்கள் சுற்று வீடுகளுக்குச் சொல்வோம். இரவில் ஜெனரேட்டர் போடக்கூடாது. மின்சாரம் போனால் பற்றரியில் ஓட வேண்டும். இயக்கியபின் மாமியின் வீட்டிலும் அலையை அளந்து காட்ட வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவினதும் மாநகர சபையினதும் அனுமதிக் கடிதங்களை எங்களுக்குக் காட்ட வேண்டும்.

2021 தொடக்கத்தில், மாரி மழை ஓய்ந்தபின் வேலை ஆரம்பமானது. நான் விடுமுறை எடுத்துக்கொண்டு கூடவே நின்றேன். கம்பத்தின் அடிச்சட்டத்தைத் தட்டில் துளையிட்டுப் பூட்டவில்லை. துளையிட்டால் மழைநீர் கசிந்து கம்பி துருப்பிடிக்கும். வீட்டுத் தூண்களுக்கு நேர் மேலே பாரம் இறங்குமாறு கொங்கிரீட் கட்டைகளை வைத்து நிறுத்தினார்கள். கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதால் சட்டம், ஆணி எல்லாவற்றுக்கும் நாகப் பூச்சு இருந்தது.

ஒவ்வோர் அன்டனாவின் பின்னாலும் ஒரு ரேடியோப் பெட்டி. அதிலிருந்து கேபிள் இறங்கி, கீழே நிற்கும் அலுமாரிக்குள் போகிறது. அலுமாரிக்குள் பற்றரிகள். கேபிள் பூட்டும் ஒவ்வொரு மூட்டையும் முதலில் றப்பர் நாடாவாலும் அதன்மேல் கறுப்பு நாடாவாலும் சுற்றினார்கள். அதுவும் எப்படி? கீழிருந்து மேலாக, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று அரைவாசி ஏறுமாறு. கிடுகு வேய்வதும் அப்படித்தானே! மேலே விழும் நீர் உள்ளே புகாமல் வழிந்தோடும். கேபிளை அலுமாரிக்குள் நேராக நுழைக்காமல் ஒரு வளைவு தொங்கவிட்டார்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே போகாது. உம்மா கீழிருந்து பார்த்துவிட்டு, “இவன்கள் தையல் தெரிஞ்சவன்கள்” என்றார்!

அதிக பாடுபட்டது இடிதாங்கிக்கு எர்த் போடுவதில்தான். எங்கள் மண்ணின் சங்கதி உங்களுக்குத் தெரியும். கொஞ்சம் மண், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். இரண்டு பேர் அலவாங்கால் ஒருநாள் முழுக்கக் குத்தினார்கள். கல்லில் மின்சாரம் இலேசில் இறங்காது. ஆகவே குழியில் செப்புக் கம்பியை இறக்கி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒருவகைக் களியால் நிரப்பினார்கள். இடி விழுந்தால் வீட்டுக்குள் போகாமல் மண்ணுக்குப் போக வேண்டுமே! “இதை அளந்து காட்டாமல் விடாதீர்கள்” என்று தலைமை வேலையாளே எனக்குச் சொல்லித்தந்தார்.

இயக்கிய மூன்றாம் நாள், சொன்னபடியே அளக்கும் கருவியோடு வந்தார்கள். எங்கள் தட்டிலும் உம்மாவின் துணிக்கொடியிலும் மாமியின் விறாந்தையிலும் அளந்தார்கள். எல்லா இடத்திலும் வரம்பில் மிகச் சிறிய பங்குதான். மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இலக்கத்தைத் தானே பார்த்தார். ஒழுங்கைக் கோடியில் ஒரு வீட்டார் மட்டும் இன்றுவரை சமாதானமாகவில்லை. சலாம் சொன்னால் பதில் சொல்வார்கள், கம்பத்தைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அவர்களுடைய பயத்தைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை.

முதல் மாத வாடகையை 32 பங்காகப் பிரித்தேன். அந்தப் பணத்தைப் புத்தளத்துக்கு அனுப்பியபோது ராத்தா போனில் அழுதாள். பிள்ளைகள் குடையை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குள் மேசையில் இருந்து படித்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால், சும்மா ஒரு நல்ல முடிவு என்று நினைப்பீர்கள். உண்மையான பரீட்சை 2022இல் வந்தது. நாடு வங்குரோத்தானது. மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் என்று அறிவித்தார்கள். எங்கள் தட்டிலிருந்த பற்றரிகள் சில மணித்தியாலம் தாக்குப்பிடித்தன, பிறகு அடங்கிவிட்டன. மேல் இருந்தும் பயனில்லாத கம்பம்! தள்ளிப்போன 2021ஆம் ஆண்டின் சாதாரண தரப் பரீட்சை மே 23இல் தொடங்க இருந்தது. என் மகளும் மாமியின் பேத்தியும் எழுத வேண்டிய பரீட்சை.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. “சிறிய ஜெனரேட்டர் ஒன்று கொண்டுவந்து இரவிலும் சில மணித்தியாலம் ஓட்டலாமா?” என்று கேட்டார்கள். ஒப்பந்தம் இருக்கிறதே! அதை மீற எனக்கு அதிகாரமில்லை. மாமியின் வீட்டுக்குப் போனேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவுமில்லை.

“பிள்ளைகளுக்குச் சோதனை வருகுது மௌலவி. போடச் சொல்லுங்க. இரவு பத்து மணிக்கு நிப்பாட்டினாச் சரி.”

பத்து மணிக்கு நிறுத்தினார்கள். ஒருநாள் பத்தரை ஆனபோது மாமியே மதிலோரம் வந்து, “இன்னும் கொஞ்சம் ஓடட்டும், பிள்ளைக்கு இரண்டு பக்கம் இருக்கு” என்றார்! அன்று மதிலுக்கு இப்பால் நின்று, முதல்நாள் இவர் என்னைக் கேட்ட கேள்வியை நினைத்துக்கொண்டேன். கேட்காமல் கம்பத்தை நட்டிருந்தால், இந்த ஜெனரேட்டருக்கு ஒழுங்கையே எதிர்த்து நின்றிருக்கும். நிற்பதும் நியாயமாகவே இருந்திருக்கும்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு கம்பெனி வந்தால், பேச்சு முழுவதையும் ஆண்களிடம் விட்டுவிட்டுத் தேநீர் ஊற்றப் போய்விடாதீர்கள். வரைபடத்தை வாங்கி, நீங்கள் நடமாடும் இடம் எது, அன்டனாவின் முகம் எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். பாரம் எதன்மேல் இறங்குகிறது, எர்த் எங்கே போகிறது, அனுமதிக் கடிதம் எங்கே என்று கேளுங்கள். இயக்கியபின் அளந்து காட்டச் சொல்லுங்கள். மதிலுக்கு அப்பால் இருப்பவரை முதலில் கேளுங்கள். ஏறுபவர்கள் எப்போது வருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, உறுதியை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பங்கும் இருக்கலாம். “காக்கா பார்த்துக்கொள்வார்”, “தம்பிதானே” என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தம்பி ஒரு மௌலவியாக இருந்தாலும்கூட, அவனுடைய மேசை லாச்சியில் என்ன கடதாசி கிடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது நம்பிக்கைக் குறைவு அல்ல. அன்று உம்மா கேட்டதால்தான், இன்று ராத்தா புத்தளத்திலிருந்து வரும்போது அவளுடைய வீட்டுக்கே வருகிறாள்.

போன நோன்புப் பெருநாளுக்கு அவள் வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக மேல்தட்டுக்கு ஏறிப்போய்க் கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு உம்மாவின் துணிக்கொடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “இது தொங்குது தம்பி. முதல்ல இதை இழுத்துக் கட்டு” என்றாள்.

கட்டினேன். இப்போதெல்லாம் தண்ணீர்த் தாங்கி நிரம்பாவிட்டாலும் மேலே ஏறுகிறேன்.